விழுந்தவள் எதற்கு மன்னிப்புக் கேட்டாள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சிவானிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று மயூரபதி அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். வேறு நேரமென்றால் உன் சுகத்தை உன்னிடமே கேட்டிருப்பேன். இப்போது நீ சுகம் என்று சொன்னால் அதை நம்புகிற நிலையில் நான் இல்லை, அதனால் அந்தப் பொறுப்பை அம்மனிடமே விட்டுவிட்டேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் கத்தத் தொடங்கினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. வட்சப்பில் எழுதினால் ஒரு மஞ்சள் மூஞ்சியை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. உன் பெரியம்மாவின் மகன் சாரங்கன் வியாழக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவான். கிழித்து எறிவதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டு எறி.

வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு நான் சந்தையால் வந்து, லிப்ட் வேலைசெய்யாததால் மூச்சிரைக்கப் படியேறி வீட்டுக்குள் வருகிறேன், அப்பா பல்கனியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று உன்னோடு கதைக்கிறார். “தோள்மூட்டு எலும்பு பொருந்தீட்டுதோ பிள்ளை? அந்தக் கெவின் மாஸ்டர் திரும்ப வகுப்பில சேர்ப்பாராமோ?” என்று கேட்கிறார். மீன்பையோடு அப்படியே நின்றேன். என்ன எலும்பு, என்ன மாஸ்டர் என்று கேட்டதும் அந்த மனுசனின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும். போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. “அம்மா, நான் லொறி ஓடப் பழகுறன்” என்றாய். பிறகு, “சும்மா லொறி இல்லையம்மா, பிளாட்பெட்” என்றாய், ஏதோ அதைக் கேட்டால் என் மனம் குளிரும் என்பதுபோல. கூரையும் பக்கச் சுவரும் இல்லாத நீட்டு லொறி என்றும், அதில் பலகையும் இரும்பும் ஏற்றிச் சங்கிலியால் இறுக்கி, மேலே தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடி ஓடவேண்டும் என்றும், யாரோ விருந்தாளிக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிறமாதிரிச் சொன்னாய். கடைசியாக, “ஒருக்கா விழுந்திட்டன், இப்ப சுகம்” என்றாய். அதோடு சிக்னல் போய்விட்டது.

தைப்பொங்கலில் இருந்தே அப்பாவுக்கு இது தெரியும் என்பது அன்று பின்னேரம்தான் வெளியில் வந்தது. நடக்கப் போகிறேன் என்று கடற்கரைப் பக்கம் போகிறாரே, நடக்கப் போகவில்லை, உன்னோடு கதைக்கப் போயிருக்கிறார். நான் இங்கே கோயிலிலும் கலியாண வீட்டிலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் மகள் எட்மன்டனில் கணக்காளர், பெரிய கந்தோர், கண்ணாடி அறை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் இரண்டுபேரும் என்னைப் பொய்க்காரியாக்கி ஊரைச் சுற்ற விட்டிருக்கிறீர்கள். ஏன் அந்த வேலையை விட்டாள் என்று அப்பாவைக் கேட்டால், கந்தோருக்குள் அவளுக்கு மூச்சு முட்டுதாம் என்கிறார். மூச்சு முட்டினால் ஜன்னலைத் திறக்கிறதுதானே. உன்னை இந்தக் கணக்குப் படிப்புப் படிப்பிக்க நாங்கள் பட்டபாடு உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதமாட்டேன். வேலை பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்ல உனக்கு ஒரு தாய் இருந்தாள். நான் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு நாள் உன்னோடு கதைக்காமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சாப்பிட்டியா என்று கேட்டுப் போன் எடுத்திருப்பேன். அந்த மூன்று நாளுக்குப் பயந்து ஒரு காலம் முழுக்க என்னை வெளியே நிறுத்திவிட்டாயே. மாசி மாதம் நான் வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள்கூட அந்த லொறி வகுப்புப் பெடியன் நோபேட்டின் வீட்டார் வழியாகத்தான் உனக்கு வந்ததாம். அப்பா கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஆரோ தெரிந்த ஆக்கள் என்று எனக்குச் சொன்னார். என் தூளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பிள்ளை, என் கோபம் அந்த இடத்தில் நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நீ எப்படி விழுந்தாய் என்று அப்பாவை இருத்திவைத்துக் கேட்டேன். அவர் மென்று விழுங்கி மென்று விழுங்கிச் சொன்னார். பயிற்சி வளவில் பலகைக் கட்டுகள் ஏற்றின லொறி. பனி உறைந்து கண்ணாடிமாதிரிக் கிடக்கிறது, காற்றும் அடிக்கிறது. படங்கு போடுகிறவர்கள் நிற்பதற்குக் கைப்பிடி வைத்த மேடை ஒன்று அங்கே இருக்கிறதாம், அதையொட்டி வேறு லொறி நின்றதாம். அது போகும்வரை நிற்க அந்தக் கெவினுக்குப் பொறுமை இல்லை. உன்னைச் சும்மா பலகையின் மேல் ஏறச் சொல்லியிருக்கிறான். நீ காற்றைக் காட்டித் தயங்கினதும், பயமென்றால் திரும்பிப் போய்க் கணக்கு எழுது என்று எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறான். நீ ஏறியிருக்கிறாய். படங்கு காற்றை வாங்கிக்கொண்டு உன்னையும் தூக்கி எறிந்திருக்கிறது. நீ அந்தக் கட்டாந்தரையில் கிடக்கும்போதே அவன் கந்தோருக்கு எடுத்து, நான் வேண்டாம் என்றேன் அவளாகத்தான் ஏறினாள் என்று சொல்லிவிட்டான். படங்கின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் இந்த நோபேட். அவனைக் கேட்டதற்கு, நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றிருக்கிறான். இவ்வளவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு அப்பா சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நீ அந்த வளவுக்குப் போய், வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நிற்க, அந்தக் கெவினிடம் மன்னிப்புக் கேட்டாயாம். கேட்டால்தான் திரும்பச் சேர்ப்பேன் என்றானாம். விழுந்தவள் எதற்கடி மன்னிப்புக் கேட்டாய்? உன் எலும்பு உடைந்தது அவனுக்கு நீ செய்த குற்றமா?

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அப்பா பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். வாங்கிவந்த மீனைப் பக்கத்து வீட்டு ஸும்றாவுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்தநாள் பின்னேரம் நோபேட்டின் வீட்டு விலாசத்தை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு, நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

போன ஞாயிறு நீ அப்பாவிடம் சொன்னாயாம், நோபேட்டுக்குத்தான் என்ன நல்ல மனம், தன்னுடைய வேலையையும் பார்க்காமல் தானாகவே கந்தோருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று. தானாக ஒருவனும் போகவில்லை. என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன், கேள்.

லூசியா கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. தாய்க்காரி ரெஜினா பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிறவ, முன்னறை முழுக்க வெள்ளைத் துணி. சிவானியின் அம்மா என்றதும் சிரித்துக்கொண்டு எழும்பி, கதிரையில் கிடந்த துணியெல்லாம் எடுத்துவிட்டு இருத்தி, தேத்தண்ணி வைத்துத் தந்தா. நான் குடிக்கவில்லை. வந்த விசயத்தைச் சொன்னேன். சிரிப்புப் போய்விட்டது. அவவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது பிள்ளை, மகன் அன்றைக்கே சொல்லியிருக்கிறான். உனக்கு என்ன நடந்தது என்று அப்பாவுக்குத் தெரியும், கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்காரிக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. “உங்க புள்ள விழுந்தது எனக்கும் கஷ்டமாத்தாங்க இருந்திச்சி. ஆனா எம் மகன் ஒத்தையில அங்க போய்க் கஷ்டப்படுறான். அந்த மாஸ்டருக்கு எதிரா வாயத் தொறந்தா அவனுக்கு யாருங்க வேல குடுப்பாங்க? விசாவும் போயிடும்” என்றா. “அப்ப என்ர பிள்ளை?” என்று கேட்டேன். “உங்க புள்ள படிச்ச புள்ள. இது இல்லாட்டி இன்னொண்ணு இருக்கும். அவனுக்கு வேற எதுவுமில்ல” என்றா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தையல் மெசினைத் தூக்கி ஒழுங்கையில் போட்டிருப்பேன். மெசின் பாரமானது, அதனால் வாயால்தான் சொன்னேன். “உங்கட மகன் ஓம் எண்டு சொல்லுமட்டும், இல்லை எண்டு சொல்லுமட்டும், நான் இந்தக் கதிரையால எழும்பமாட்டன். எடுங்கோ அவருக்கு” என்றேன். அவ எடுக்கவில்லை. மெசினில் போய் இருந்து தைக்கத் தொடங்கினா. நானும் இருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, கோயில் மணி அடித்தது, அவ எழும்பிச் சிலுவை போட்டுவிட்டுத் தானாகவே போனை எடுத்தா. அங்கே விடியற்காலை, அவன் வளவுக்கு வெளிக்கிடுகிற நேரம்.

பெடியன் பல் விளக்கிக்கொண்டு படத்தில் வந்தான், பக்கத்தில் என்னைக் கண்டதும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. “தம்பி, நீர் மற்றப் பக்கம் பார்த்தனீரோ?” என்று மட்டும் கேட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். கண் கலங்கியிருந்தது. “இல்ல ஆன்ட்டி. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவருதான் ஏறச் சொன்னாரு. சிவானி வேணாம்னுதான் சொன்னாங்க” என்றான். பிறகு தாய் சொன்னதையே அவனும் சொன்னான், வேலை, விசா, பயம். அவனைத் திட்டத்தான் போனேன், அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு நீர் விழுந்தால் நான் பார்த்தனான் என்று ஆர் சொல்லுவினம் தம்பி என்று கேட்டேன். அப்போதுதான் ரெஜினா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “டேய், நீயும் அப்படித்தான் ஏறுறியா?” என்று கேட்டா. அவன் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான். “உன்னத்தாண்டா கேக்குறேன். ஏறுறியா?” என்று கத்தினா. “வெள்ளிக்கிழமையும் ஏறினேம்மா” என்றான். அந்த மனுசி கையிலிருந்த துணியைக் கீழே விட்டுவிட்டா. மகனுக்கு வேலை போய்விடும் என்று மட்டும் பயந்துகொண்டிருந்தவவுக்கு அப்போதுதான் உன் எலும்பு தன் மகனுடைய எலும்பாகத் தெரிந்திருக்கிறது. “வேல போனாப் போகட்டும். இப்பவே போய்ச் சொல்லு. சொல்லிட்டு எனக்கு எடு. எடுக்காட்டி நான் மறுபடி ஒங்கூடப் பேசமாட்டேன்” என்றா. ஆறிப்போன தேத்தண்ணியை அதற்குப் பிறகுதான் குடித்தேன். சீனி கூடவாக இருந்தது, சொல்லவில்லை.

திரும்பி வரும்போது துறைமுகத்துப் பக்க வீதியில் பஸ் நகரமுடியாமல் நின்றது, சுற்றிவரக் கொள்கலன் லொறிகள். என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து நின்றது, நீ சொன்னமாதிரிச் சுவரில்லாதது, மரக்கட்டைகளை அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். நான் பஸ்ஸுக்குள் இருந்தபடி அண்ணாந்து பார்த்தேன், அந்தச் சுமையின் உச்சி என் தலைக்கு மேலே இருந்தது. இந்த உயரத்திலிருந்தா என் பிள்ளை விழுந்தாள் என்று நினைத்தேன். அதுவரை விழுந்தேன் என்று நீ சொன்னதை நான் வாசற்படியில் விழுந்ததுபோலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போலும். பஸ் முழுக்கச் சனம், நான் அழுதேன். பக்கத்திலிருந்த சிங்களப் பிள்ளை ஒன்று எழும்பி, “ஆன்ட்டி, வத்துர ஓனத?” என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டியது. வாங்கிக் குடித்தேன். அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். அதன் தாய்க்கு அது எந்த பஸ்ஸில் போகிறது என்றாவது தெரிந்திருக்கும்.

மிச்சத்தை நீ அறிவாய். நோபேட் போய்ச் சொன்னதும் வகுப்பில் இன்னும் சிலபேர் வாயைத் திறந்திருக்கிறார்கள், எல்லாரையும் அவன் அப்படித்தான் ஏற்றியிருக்கிறான். கெவினை வளவால் நிறுத்திவிட்டார்கள், பிழை உன்னுடையதில்லை என்று உனக்கும் சொல்லியிருக்கிறார்கள், தோள் முழுதாகச் சுகம் வந்ததும் வேறு மாஸ்டரோடு தொடரலாமாம். நோபேட்டின் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனை நீ ஒன்றும் கேட்டுவிடாதே, அவன் பயந்தவன், ஆனாலும் போனான். ரெஜினா இப்போது ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு எடுக்கிறா, அவ தன் மகனைத் திட்டுகிறா, நான் உன்னைத் திட்டுகிறேன், இரண்டுபேருக்கும் பொழுது போகிறது. அப்பாவோடு நான் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. சாப்பாடு போடுகிறேன், அவ்வளவுதான். பொரளையில் கண் டொக்டரிடம் போனவர், கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறதாம், அதையும் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். ஒளிக்கிற குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது. கிருலப்பனையில் ஒரு சம்பந்தம் கதைத்துக்கொண்டிருந்தோமே, அந்தப் பெடியனின் தாய் எடுத்து, பிள்ளை கணக்காளர்தானே என்று கேட்டா. இல்லை, லொறி ஓடப் பழகுகிறா என்றேன். ஏன், அங்கே வேறு வேலை இல்லையோ என்றா. இருந்தது, விட்டிட்டா என்றேன். அவ ஏதோ சொல்ல வாயெடுக்க முன்னம் நான் போனை வைத்துவிட்டேன். உனக்காக வைத்தேன் என்று பெரிதாக நினைக்காதே, அந்த நேரம் எனக்கு ஊரோடு கோபம்.

இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது என்றும் நினைக்காதே. பிடிக்கவில்லை. பனியிலும் காற்றிலும் சங்கிலி இழுக்கிற வேலைக்கு நான் உன்னைப் பெறவில்லை, ஆயிரம் தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் நான் வேண்டாம் என்றால் நீ கேட்கப்போவதில்லை. நான் சொல்கிற எதற்குத்தான் நீ தலையாட்டினாய்? சேலை கட்டு என்றால் முடியாது, ஒருக்கா வந்து பெடியனைப் பார் என்றால் முடியாது, கோயிலுக்கு வா என்றால் முடியாது. இருபத்தொன்பது வயதுவரை எனக்கு முகத்துக்கு நேரே முடியாது சொன்ன பிள்ளைக்கு, ஒரு வெள்ளைக்காரன் சிரித்ததும் அந்தச் சொல் எங்கே போனது? எனக்கு அதுதான் இன்றைக்கும் நெஞ்சை எரிக்கிறது. நீ விழுந்ததைவிட, லொறியைவிட, நீங்கள் ஒளித்ததைவிட அதுதான். இனி எந்த மாஸ்டர் என்றாலும், எந்த முதலாளி என்றாலும், காற்றடிக்கும்போது ஏறு என்றால் என்னிடம் சொல்கிறமாதிரியே சொல். அந்தக் குரலிலேயே சொல். உன் முடியாது எவ்வளவு உறுதியானது என்று எனக்குத் தெரியும், நான்தானே அதில் மோதிக்கொண்டு இருந்தவள். பயமென்றால் கணக்கு எழுது என்று இன்னொருவன் சொன்னால், ஓம், எனக்கு அதுவும் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கீழேயே நில்.

தோளுக்குச் சொன்ன பயிற்சியை விடாமல் செய். டொக்டர் ஓம் என்று சொல்லுமட்டும் சங்கிலியில் கை வைக்காதே. தடித்த கையுறையும் வழுக்காத சப்பாத்தும் நல்லதாகப் பார்த்து வாங்கு, மலிவு பார்க்காதே. வழியில் அந்த ரொட்டிக்குள் இறைச்சி வைத்ததையே மூன்று நேரமும் சாப்பிடாதே, லொறிக்குள் சோறு காய்ச்ச வழி இருக்கிறதாம், நோபேட் தாய்க்குச் சொல்லியிருக்கிறான், அவனிடம் கேட்டுப் பழகு. மிளகாய்த்தூளும் சாரங்கனிடமே தந்துவிடுகிறேன், இந்த முறை யார் வழியாக வருகிறது என்று எனக்குத் தெரியவேண்டும். அம்மன் உனக்குக் காவல் நிற்பாள், வீதியிலும் நிற்பாள், அந்தப் பலகை மேலும் நிற்பாள். நூறு வயது இருந்து நல்லாயிருப்பாய்.

ஒன்றே ஒன்றை மறக்காதே. இனி விழுந்தாலும், அடிபட்டாலும், யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தாலும், முதலில் எனக்கு எடு. நான் கத்துவேன். கத்தி முடியுமட்டும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிரு. அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
இராசரத்தினம் நேசமலர்